நான்கு சக்கர இயக்கம் (பிக்கப் வண்டி)

என்ஜினின் விசையை முன், பின் என நான்கு சக்கரங்களுக்கும் அனுப்பும் அமைப்பு. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் உள்ள ஸ்ரீசிட்டியில் 2016-இல் திறக்கப்பட்ட இசுசு ஆலையின் டி-மேக்ஸ் வி-கிராஸ் 4×4, எண்ணூர் வட்டாரத்துக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு.

இதில் மூன்று நிலைகள் உண்டு. தார்ச்சாலைக்கு 2எச், பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். ஆனால் பிக்கப்பின் பின்தொட்டி காலியாக இருந்தால் அங்கே எடை குறைவு. மழைக்காலத்தில் அத்திப்பட்டின் அனல்மின் நிலையச் சுற்றுப்புற மண்பாதையிலோ எண்ணூர்க் கழிமுகச் சேற்றோரத்திலோ பின் சக்கரம் வீணாகச் சுழலும். அப்போது 4எச், நான்கு சக்கரங்களும் இழுக்கும்; இதை வண்டி ஓடும்போதே போடலாம். 4எல் வேறு: வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து மாற்ற வேண்டும். வேகம் சுருங்கும், இழுவை பெருகும்.

காய்ந்த தார்ச்சாலையில் 4எச் கூடாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. இவ்வகை வண்டியில் அந்த வேறுபாட்டை ஈடுகட்ட நடு டிஃபரன்ஷியல் இல்லை. அதனால் அச்சுகள் முறுக்கேறும், ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும். புது ஓட்டுநர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுவே.

பிரேக் தூரத்தை இவ்வமைப்பு குறைப்பதில்லை. காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கடற்கரை மணலில் டயர் காற்றைச் சற்று இறக்குவது உதவும். தார் ஏறியதும் மீண்டும் நிரப்ப வேண்டும். புதைந்த வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் நான்கு சக்கரமும் சேர்ந்தே குழி பறிக்கும்.