பந்தைக் கொடுத்தார்கள், தலைமையைக் கொடுக்கவில்லை

சாயங்காலம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்க வாருங்கள் என்று கல்லூரி மாணவர்களை நாங்கள் அழைக்கும்போது ஒரு பதில் அடிக்கடி வரும்: "காலங்காலமா நம்மாளுங்க ஓசியில உழைச்சது போதாதா தோழர்?" நியாயமான கேள்விதான். சேவை மனப்பான்மை என்று பேசி அதை மழுப்ப முடியாது. இதற்கான பதில் கிரிக்கெட் வரலாற்றிலேயே இருக்கிறது.

பல்வங்கர் பாலு 1876இல் தார்வாடில் சமார் சாதியில் பிறந்தவர். அப்பா இராணுவத்தில் வேலை பார்த்ததால் புனேயில் வளர்ந்தார். வெள்ளை அதிகாரிகள் கழித்துப் போட்ட மட்டையும் பந்தும்தான் அவரும் தம்பி சிவராமும் ஆடிப் பழகியவை. முதலில் பார்சிகளின் கிளப்பில் பிட்ச்சைக் கூட்டி உருளை இழுக்கும் வேலை, மாதம் 3 ரூபாய். 1892 வாக்கில் வெள்ளையரின் புனே கிளப்புக்குப் போனார். சம்பளம் 4 ரூபாய். உருளை இழுப்பது, வலை கட்டுவது, டென்னிஸ் திடலுக்குக் கோடு போடுவது எல்லாம் அவர் தலையில். கிரேக் என்ற அதிகாரியின் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசினார். இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் உருவானது அந்த வலையில்தான். ஆனால் மட்டையைப் பிடிக்க அந்த வெள்ளையர்கள் அவரை ஒருநாளும் விடவில்லை.

புனே இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. வெள்ளையரைத் தோற்கடிக்க வேண்டுமே! களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தூக்கிப் போடும் மண் குவளையில். நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியில் பாலு 114 விக்கெட்டுகள் எடுத்தார். அப்படி எடுத்த பிறகும் இந்து அணியின் தலைமை அவருக்கு வரவில்லை.

1920இல் தலைவர் எம்.டி. பை நோயில் படுத்தபோது, பொறுப்பு புனே பிராமணரான தேவ்தருக்குப் போனது. பாலுவின் தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினார்கள். காரணத்தை வெளிப்படையாக அறிவித்துவிட்டே விலகினார்கள். அந்த நெருக்கடியில்தான் பாலு துணைத் தலைவரானார். பை களத்திலிருந்து வெளியேறி நின்ற கொஞ்ச நேரம் அணியை நடத்தினார். அவ்வளவே. முழுத் தலைமை 1923இல் விட்டலுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் ஐரோப்பியர் அணி தோற்றது.

(1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக பாலு பாபாசாகேபை எதிர்த்து நின்று தோற்றார். அந்த அரசியலில் நாம் பாலுவின் பக்கம் இல்லை. அதற்காக மைதானத்தில் அவர் பட்டதை மறக்க வேண்டியதும் இல்லை.)

கடல் தாண்டியும் இதே கதைதான். மேற்கிந்தியத் தீவுகளின் டெஸ்ட் அணியில் கறுப்பர்கள் பல்லாண்டுகள் பந்து வீசினார்கள், ரன் குவித்தார்கள். ஒரு முழுத் தொடருக்குக் கறுப்பர் ஒருவர் தலைவராக 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிராங்க் வொரலுக்கு அந்தப் பொறுப்பு கிடைக்க சி.எல்.ஆர். ஜேம்ஸ் பத்திரிகையில் இயக்கமே நடத்தினார். ஒடுக்கப்பட்டவரின் உடல் திறமையை ஒத்துக்கொள்வதில் ஆதிக்கத்துக்குப் பெரிய சிரமம் இல்லை. அவர் முடிவெடுப்பார், மற்றவர் அதற்குக் கட்டுப்படுவார் என்பதுதான் அதன் தொண்டையில் சிக்குகிறது.

அந்த மாணவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதிலும் இங்கிருந்துதான் வருகிறது. உருளை இழுப்பவருக்கு ஆட்டத்தில் குரல் இல்லையென்றால் அதன் பெயர் அடிமை வேலை. ஆட்டத்தை நடத்துபவரே உருளையும் இழுத்தால் அதுதான் தன்னார்வம். ஆகவே வாலண்டியராக வருகிறவர் தண்ணீர் பாட்டில் தூக்குவதோடு நின்றுவிடக் கூடாது. விசில், ஸ்கோர் நோட்டு, நன்கொடைக் கணக்கு, யாரோடு யார் மோதுவது என்ற பட்டியல், இவையெல்லாம் அவர் கைக்கு வர வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி இருபது பையன்கள் நடுவே நின்று "அவுட்" என்று சொல்லி, அரைமணி நேரக் கூச்சலுக்கும் அசையாமல் நிற்பது எந்தத் தலைமைப் பயிற்சி முகாமிலும் கிடைக்காத பாடம். அந்தப் பெண் பிறகு தாலுகா அலுவலகத்தில் மனுவோடு நிற்கும்போது வித்தியாசம் தெரியும்.

நாக்பூரில் 2001இல் கல்லூரி விளையாட்டு ஆசிரியர் விஜய் பார்சே, மழையில் உடைந்த வாளியைப் பந்தாக உதைத்துக்கொண்டிருந்த குடிசைப் பகுதிப் பிள்ளைகளைப் பார்த்துத் தொடங்கியது ஸ்லம் சாக்கர். நாகராஜ் மஞ்சுளே 2022இல் எடுத்த 'ஜுண்ட்' படத்தின் மூலக்கதை அதுதான். படத்தில் நம் கண் அமிதாப் மேலேயே போய்விடுகிறது. நமக்கு முக்கியமானது வேறு: அங்கே ஆடிய பிள்ளைகளில் சிலர் அடுத்த தலைமுறைக்குப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். 'சார்' இல்லாத நாளிலும் ஆட்டம் நடக்க அதுதான் வழி.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு அவசரமும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் நீதிபதி சந்துரு குழு அரசுக்குப் பரிந்துரைத்தது. கிராமத்து டோர்னமென்டில் கயிறே தேவையில்லை. அணியின் பெயரே தெருவைச் சொல்லிவிடும். ஊர்த்தெரு அணி, காலனி அணி என்று பிரிந்துதான் ஆடுவார்கள், தோற்ற இரவில் கல் பறக்கும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கான போட்டியில் சீட்டுக் குலுக்கி அணி பிரித்துப் பாருங்கள். முதல் வாரம் பெற்றோர் சிலர் பிள்ளையைக் கூட்டிப்போய்விடுவார்கள். மைதானம் புறம்போக்கில் இருந்தால் அதையே ஒரு சாக்காக வைத்து வழக்கும் வரலாம். அப்போது சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, ஊராட்சித் தலைவரைப் பார்த்து, கிராமசபையில் எழுந்து பேச வேண்டியது யார்? ஸ்கோர் நோட்டு வைத்திருக்கும் அதே பெண்தான்.