முட்டைக் கணக்கு லோட்டஸுக்குப் போகும் வழி

நாமக்கல் பக்கம் இருபது ஷெட் உள்ள ஒரு லேயர் பண்ணையை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் ஷெட்டுக்கு ஒரு வரி: தேதி, ஷெட் பெயர், கோழியின் வயது, தீவனம், முட்டை, இறப்பு. கணக்கு எழுதுவது புதிய எக்செலில். ஆனால் பழைய பேட்ச்களின் கணக்கும், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கென்று வருஷக்கணக்கில் செதுக்கிய மேக்ரோக்களும் மூலையில் இருக்கும் டாஸ் கணினியில், லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளுக்குள் கிடக்கின்றன. புதிய கணக்கு அங்கே போய்ச் சேர வேண்டும்.

இன்றைய எக்செல் கோப்பு, 2007இல் வந்த வடிவம். உள்ளே இருப்பது ஜிப் செய்த எக்ஸ்எம்எல் கோப்புகள். 1985இல் வந்த லோட்டஸ் இரண்டாம் பதிப்புக்கு அதில் ஒன்றும் புரியாது. அதற்குத் தெரிந்தது டபிள்யூகே1 என்ற கோப்பு வடிவம். எக்செல் 2003 வரை அந்த வடிவத்தில் சேமிக்க முடிந்தது, 2007இல் அந்தக் கதவு மூடிவிட்டது. ஆகவே நடுவில் எக்செல் 2003 உள்ள ஒரு கணினி வேண்டும். புதியதில் பழைய எக்ஸ்எல்எஸ் ஆகச் சேமித்து, நடுக்கணினியில் திறந்து, டபிள்யூகே1 ஆக மாற்ற வேண்டும்.

முதலில் இடிப்பது நீளம். இருபது ஷெட்டுக்கு ஆண்டுக்கு 7,300 வரி. புதிய எக்செல் 10,48,576 வரி தாங்கும், எக்ஸ்எல்எஸ் 65,536. லோட்டஸில் 8,192தான். ஓராண்டு அடங்கும் என்றாலும், 640 கேபி நினைவகத்தை நம்பி ஓடும் இயந்திரத்தில் அவ்வளவையும் ஒரே தாளில் ஏற்றக் கூடாது. மாதத்துக்கு ஒரு கோப்பு என்றால் 600 வரி சொச்சம், நிம்மதி. கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்குள், ஆங்கிலத்தில்.

அடுத்தது சூத்திரங்கள். ஷெட்வாரியாகக் கூட்டும் சம்இஃப்ஸ் 2007இல்தான் பிறந்தது. நடுக்கணினிக்கே அது தெரியாது. லோட்டஸில் அந்த வேலைக்கு டிசம் என்ற சூத்திரம் உண்டு. எண்களை மட்டும் அனுப்பி, கூட்டலை அங்கேயே புதிதாக எழுதுவதுதான் நல்லது.

என்னை வருத்துவது தமிழ். நடுக்கணினியில் விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி இருந்தால் யூனிகோடுத் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அங்கிருந்து டபிள்யூகே1க்கு இறங்கும்போதுதான் சிக்கல்: அதன் எழுத்துக்குறித் தொகுப்பில் தமிழே கிடையாது. 'தெற்கு ஷெட்', 'மேட்டு ஷெட்' எல்லாம் கேள்விக்குறி வரிசையாகிவிடும். எது எது என்று யாராலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தாப், தாம் குறியீடுகள் விண்டோஸ் எழுத்துருக்களோடு வந்தவை, டாஸ் திரையில் உதவா. எனவே மாற்றும் முன்பே ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, எண்ணுக்கு எதிரே தமிழ்ப் பெயர் உள்ள தாளைப் புதிய கணினியில் பத்திரமாக வைக்க வேண்டும். அந்தப் பெயர்கள் தீவனம் போடுகிறவர்கள் வாயில் புழங்குபவை. கணினி மாற்றும் வேலையில் அவை தொலைந்துபோக விடக் கூடாது.

பிறகு, கோப்பை டாஸ் கணினிக்குக் கொண்டுபோக ஃபிளாப்பி. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ்கள் மூன்றரை அங்குலத் தட்டுக்கானவை. ஐந்தேகால் அங்குலத் தட்டு மட்டும் உள்ள இயந்திரம் என்றால் சீரியல் கேபிளும் கெர்மிட் மென்பொருளும்தான் வழி.

போய்ச் சேர்ந்ததும் தேதியைச் சோதியுங்கள். லோட்டஸ் 1900ஐ லீப் ஆண்டாக எண்ணியது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக எக்செலும் அந்தப் பிழையை அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால் இரண்டிலும் தேதிக்கு அடியில் ஒரே எண் இருக்கும். சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமான 1997 ஜனவரி 1ஐ இரண்டிலும் போட்டு, எண் வடிவில் பாருங்கள்: 35431. பழைய மெக்கின்டோஷ் எக்செல் 1904இலிருந்து எண்ணுவதால் அங்கே 33969 வரும். தேதி சரியென்றால் முட்டைக் கூட்டலை இரு திரையிலும் ஒப்பிட்டுவிட்டு, டிரேக்கு 30 வீதம் வகுத்துப் பில் அடிக்கலாம்.