தொடக்கப்பள்ளியும் பறையும்: ஒரு வரலாற்றுக் கேள்வி

தோழர்களே, தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் மரபிசை கற்பிக்க அணியமாக இருக்கிறார்களா என்ற பேச்சு வரும்போதெல்லாம், எந்த மரபு என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களில் யாழையும் பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழிசை அவற்றைப் பிரித்துவிட்டது. 1917இல் ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம், 1947இல் விபுலானந்தரின் யாழ் நூல். வழக்கொழிந்த யாழை ஏடுகளிலிருந்து மீட்க ஒரு துறவி ஆண்டுக்கணக்கில் உழைத்தார். பெரும்பணிதான், மறுக்கவில்லை. அந்நாளில் பறையை எந்த ஏட்டிலிருந்தும் மீட்க வேண்டியிருக்கவில்லை. அது உயிரோடு இருந்தது, ஊர்த்தெருவின் சாவு வீட்டு வாசலில் ஊழியமாக நின்றுகொண்டு.

திண்டிவனம் பக்கம் ஆற்காடு மிஷன் நம் முன்னோருக்கு எழுத்தைக் கொடுத்தது. ஆனால் தமிழ்த் திருச்சபைகள் பாட்டு என்று வளர்த்தவை கீர்த்தனையும் ஞானப்பாட்டும்தான். பறை வாசலுக்கு வெளியே நின்றது. மதுரையில் தியாபிலஸ் அப்பாவு கிராமிய மெட்டில் வழிபாடு அமைத்தது இதற்கு எதிர்வினைதான்.

அரசும் அதே தடத்தில் போனது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில், விழுப்புரம் உட்பட, நெடுங்காலமாக உள்ள முழுநேரப் படிப்புகள் குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளுக்கு 150 மதிப்பெண், ஐந்து பகுதிகள். அதில் இசைக்கு ஓர் இடமும் இல்லை. 2012இல் அமர்த்தப்பட்ட பகுதிநேரச் சிறப்பாசிரியர்களும் ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்கே. தொடக்கப்பள்ளியில் வகுப்பாசிரியரே பாட்டு வாத்தியார்.

இங்கே இன்னொரு வரலாறும் குறுக்கே வருகிறது. பறையடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் நம் மூத்தவர்கள். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் காரணம் வேறு. ஆனால் அப்படிப்பட்ட மண்ணில் 'மாட்டோம்' என்பது எளிதில் வாயில் வருகிற சொல்லா? பிறகு பறை கலையாக மீண்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அதைத் தோளில் மாட்டினார்கள். 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மறுப்பையும் மீட்பையும் அறியாத ஆசிரியர் என்ன செய்வார்? ஆண்டு விழா வருகிறது. "உங்கப்பா அடிப்பாரில்ல, நீ அடி" என்று காலனிப் பையனிடம் நீட்டுவார். சிறப்பு விருந்தினரை வாசலிலிருந்து அழைத்துவர நான்கு பிள்ளைகள் முன்னால் பறையடித்துப் போவார்கள்; மற்றவர்கள் கைதட்டுவார்கள். ஊழியம் சீருடை போட்டுக்கொண்டு வந்த மாதிரிதான். கலை வளர்க்கிறோம் என்ற நல்லெண்ணத்தோடு இது நடக்கும் என்பதுதான் நமக்குக் கூடுதல் கவலை.

ஆகவே அணியம் என்பதைத் தாளம் தெரியுமா, குரல் இருக்கிறதா என்று மட்டும் அளக்க முடியாது. மயிலத்தில் இருக்கிறது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். அங்கே பறையாசான் பயிற்றுநராக வரட்டும். சட்டத்தில் தோல் கட்டுவது, தீயில் காய்ச்சுவது, ஒவ்வோர் அடியின் பெயர், அது யாரைக் கொண்டு எங்கே அடிக்கப்பட்டது, யார் மறுத்தார்கள் என்பதெல்லாம் அவர் சொல்லட்டும். எல்லாச் சாதிப் பயிற்சி ஆசிரியர்களும் மாட்டுத்தோலைத் தொட்டு அடித்துப் பழகட்டும். பள்ளியிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வரட்டும். ஆசானுக்குக் கொடுக்கும் பணத்தை அன்பளிப்பு என்று எழுதாமல் பயிற்றுநர் மதிப்பூதியம் என்றே எழுதட்டும். கால அட்டவணையில் அவர் பெயரும் இருக்கட்டும்.