ஐடியாஃபோர்ஜ் நிறுவனமும் ட்ரோன் நில அளவையும்

ஐடியாஃபோர்ஜ் டெக்னாலஜி நவி மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரோன் தயாரிப்பு நிறுவனம். எல்லைக் கண்காணிப்புக்கும் வான்படம் எடுப்பதற்கும் நில அளவைக்கும் ஆளில்லா விமானங்களைச் செய்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த அங்கித் மேத்தா, ராகுல் சிங், ஆஷிஷ் பட் ஆகியோர் 2007இல் தொடங்கி, அங்குள்ள ‘சைன்’ தொழில் வளர்ப்பகத்தில் வளர்த்தது. இதன் பங்குகள் 2023 ஜூலை 7 முதல் பங்குச் சந்தையில் கைமாறுகின்றன.

ஊருக்கு இவர்களை முதலில் காட்டியது சினிமாதான். 2009இல் வந்த ‘3 இடியட்ஸ்’ இந்திப் படத்தில் கல்லூரி விடுதி ஜன்னல் வரை எழும்பும் நான்கு விசிறிக் கருவி இவர்கள் செய்தது. அந்தப் படமே 2012இல் தமிழில் ‘நண்பன்’ ஆயிற்று. இந்திப் படம் வந்த அதே காலத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து ‘நேத்ரா’ என்ற கண்காணிப்பு ட்ரோனை உருவாக்கினார்கள். 2013இல் உத்தராகண்ட் வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தேட அது பயன்பட்டது. 2021 ஜனவரியில் இராணுவம் சுமார் 2 கோடி டாலருக்கு ‘ஸ்விட்ச்’ ரக ட்ரோன்களை வாங்க ஒப்பந்தம் போட்டது. ஸ்விட்ச், ஹெலிகாப்டர் போல நின்ற இடத்திலிருந்தே எழும்பும்; மேலே போனதும் விமானம் போல இறக்கையில் பறக்கும்.

இத்தனைக்கும் நடுவே சட்டம் குறுக்கே நின்றது. 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடுவதற்குத் தடை விதித்தது. 2018 டிசம்பரில் விதிகள் நடைமுறைக்கு வந்தும் படிவங்களின் குவியல் குறையவில்லை. 2021 ஆகஸ்ட் 25இல் வெளியான ட்ரோன் விதிகள்தான் கதவைத் திறந்தன: 25 படிவங்கள் ஐந்தாயின, 72 வகைக் கட்டணங்கள் நான்காயின, தடையற்ற வான்பகுதியான பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம் என்றாயிற்று. அதே ஆண்டு பிப்ரவரியில் வரைபடத் தயாரிப்பு மீதிருந்த கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதி தடை செய்யப்பட்டது. உள்நாட்டு நிறுவனங்கள் வளர்ந்ததில் பொறியாளரின் திறமைக்கு எவ்வளவு பங்கோ, அரசிதழின் இந்தப் பக்கங்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ட்ரோன் எடுக்கும் வான்படம் வரைபடமாகும் விதத்தைச் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஓர் ஊரை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். பட்டாசு ஆலை என்றால் ஒரே பெரிய கட்டடம் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். இருப்பதோ சீமைக்கருவேலம் சூழ்ந்த பொட்டலில், இடைவெளி விட்டு விட்டுக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. அறைகளுக்கு நடுவே நடைபாதை, ஓரமாக மருந்து காயவைக்கும் மேடை, அங்கங்கே வேப்பமரம். இப்படிப்பட்ட நிலத்தைச் சங்கிலி பிடித்து அளப்பது நாள்கணக்கில் இழுக்கும்.

ட்ரோன் ஏறுவதற்கு முன் தரையில் குறி வைக்கிறார்கள். சதுரப் பலகையை நாலாகப் பிரித்து எதிரெதிர்க் கட்டங்களில் கறுப்படித்தது அது. ஒவ்வொன்றின் இடத்தையும் செயற்கைக்கோள் கருவியால் சில சென்டிமீட்டர் துல்லியத்துக்குக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு ட்ரோன், உழவன் சால் ஓட்டுவதைப் போல, போய்த் திரும்பி, போய்த் திரும்பிப் படமெடுக்கிறது. ஒரு படம் அடுத்த படத்தின் மேல் எழுபது எண்பது சதவீதம் படிந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே கூரை மூலை பல கோணங்களில் கிடைத்து, அதன் உயரத்தையும் கணினி கணக்கிடும். 120 மீட்டர் உயரத்தில் இரண்டு கோடிப் புள்ளி கேமரா எடுத்த படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் மூன்று நான்கு சென்டிமீட்டர். நூற்றுக்கணக்கான படங்களைத் தைத்து, சாய்வை நேராக்கி, ஒரே படமாக்கினால் அதன் மேல் அளவுகோல் வைத்து அளக்கலாம். வேப்பமரத்தடியில் உள்ள சுவர் மட்டும் தெரியாது. ஆடிக் காற்றில் சால் கோணும். மருந்து காயும் மேடைக்கு மேலே லித்தியம் பேட்டரியோடு ட்ரோனைப் பறக்கவிடுவது எதற்கும் ஒரு தடவை யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

அறைக்கும் அறைக்கும் உள்ள தூரத்தை, உரிமத்துக்குக் கொடுத்த வரைபடத்தோடு ஒப்பிட இந்தப் படம் தாராளமாகப் போதும். அது டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸா, வெடிபொருள் துறையின் சென்னை அலுவலகமா, நாக்பூர் அலுவலகமா என்று ஆலையின் அளவைப் பொறுத்து இங்கே பேசுவார்கள். எதுவானாலும் தூரக் கணக்கு உண்டு. ஆனால் கூரைக்குக் கீழே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எவ்வளவு மணிமருந்து (வெடிக் கலவை) இருக்கிறது என்பதை எந்த வான்படமும் சொல்லாது. விபத்துக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 

ட்ரோன் அளவைத் தொழிலுக்கு நாடு தழுவிய சந்தை உண்டாக்கியது 2020 ஏப்ரல் 24இல் தொடங்கிய ‘ஸ்வாமித்வா’ திட்டம். கிராமத்துக் குடியிருப்பு மனைகளை ட்ரோனால் அளந்து, வீட்டுக்காரருக்குச் சொத்து அட்டை தருவது நோக்கம். 1767இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறை பொறுப்பேற்றது. பறந்த கருவிகளில் ஐடியாஃபோர்ஜினுடையவையும் உண்டு. 2025 ஜனவரிக்குள் 3.17 லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்களில் ட்ரோன் அளவை முடிந்திருந்தது. வடக்கே ‘ஆபாதி’ எனப்படும் அந்த மனைநிலம்தான் நம் ஊரில் நத்தம். விஸ்வநத்தத்தின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாடு இத்திட்டத்தில் முன்னோட்டக் கட்டத்தோடு நின்றுவிட்டது. நத்தத்தை அளந்து பட்டா கொடுக்கும் வேலை இங்கே முன்பே நடந்திருந்தது. புலப்படமும் ‘அ’ பதிவேடும் உள்ள மாநிலத்துக்கு வான்படம் திருத்தக் கருவி. எதுவுமே இல்லாத ஊருக்கு அது முதல் ஆவணம்.

தமிழ்நாட்டில் ட்ரோன் துறை சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி வளாகத்தில் வேர் பிடித்தது. அங்கே உருவான ‘தக்‌ஷா’ மாணவர் அணி, நடிகர் அஜித் குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அதே பெயரிலான நிறுவனத்தில் பெரும்பங்கு இன்று முருகப்பா குழுமத்தின் கோரமண்டல் இன்டர்நேஷனலிடம் உள்ளது. 2015இல் தொடங்கிய சென்னை நிறுவனம் கருடா ஏரோஸ்பேஸ். இரண்டுமே வயலில் மருந்து தெளிப்பதில்தான் அதிகம் பேர் வாங்கின.

ஐடியாஃபோர்ஜின் பணக்கதை ஏற்ற இறக்கமானது. 672 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு முதல் நாளே 1,300 ரூபாயில் தொடங்கியது. 2023–24இல் வருவாய் சுமார் 314 கோடி; அடுத்த ஆண்டு அது 161 கோடியாகி, 62 கோடி நட்டம். அரசும் இராணுவமும் ஒரு வருடம் மொத்தமாக வாங்கும், மறு வருடம் கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரே வாடிக்கையாளரை நம்பினால் இப்படித்தான்.

பணத்தை விட்டு அளவைக்குத் திரும்பினால், 1802 ஏப்ரலில் தொடங்கி நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலையருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்க 57 நாள் பிடித்தது. இன்று அவ்வளவு தூரத்தை ஒரு காலைப்பொழுதில் படமெடுத்துவிடலாம். ஆனாலும் அவருக்குத் தேவைப்பட்டது போலவே தரையில் அசையாத புள்ளி வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகான வான்படமும் எங்கோ நகர்ந்துபோய் உட்காரும். வேலித் தகராறில் படத்தில் தெரியும் வரப்பு எல்லை ஆகிவிடாது. வரப்பு நகரும், சர்வேயர் நட்ட கல்தான் கணக்கு. 1923ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி அந்தக் கல்லைப் பேண வேண்டியவர் பட்டாதாரர். அடுத்த முறை காட்டுப் பக்கம் போகும்போது உங்கள் கல் நட்ட இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.