நொடியும் படப்பெயரும்: மன்னார்க் கரையின் ஊகிப்பு விளையாட்டு பற்றி

விடுகதையை ஈழத்தில் 'நொடி' என்போம். மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரே உள்ள பெருநிலக் கரையிலும், நொடி போட்டு அவிழ்க்கிற அதே கூட்டம் சினிமாப் படத்தின் பெயரைச் சைகையால் காட்டி ஊகிக்க வைக்கும் விளையாட்டையும் ஆடும். ஒன்று பழையது, மற்றது நேற்று வந்தது என்று பிரித்துவிடுவது எளிது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு முதலில் ஒரு பெரியவரோடு கணக்குத் தீர்க்க வேண்டும்.

டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹொய்சிங்கா 1938இல் வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' என்ற நூல் விடுகதையைப் போட்டியாகவே வாசிக்கிறது. வேள்விக்களத்தில் புரோகிதர்கள் ஒருவரையொருவர் மடக்கக் கேட்ட வினாக்கள் அவருக்குத் தொடக்கம். விடை தெரியாதவன் தலை போகும். அந்தப் புனிதப் போட்டி பின்னர் இரு கிளையாகி, ஒன்று தத்துவமாகவும் மற்றது பொழுதுபோக்காகவும் ஆயிற்று என்கிறார். தீவிரமானது தேய்ந்து விளையாட்டாயிற்று என்று அவர் சொல்லவில்லை. அந்த நிதானம் அவரை மேற்கோள் காட்டுகிறவர்களிடம் காணாமல் போகிறது. ஆனாலும் கேட்பவனும் சொல்பவனும் எதிரிகள் என்ற அடித்தளத்தை அவர் எங்கும் அசைக்கவில்லை.

அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று நமக்கு நெருக்கமானது: மகாபாரதப் பொய்கை. வினாவுக்கு விடை சொல்லாமல் தண்ணீர் குடித்த தம்பியர் மாண்டு விழ, தருமன் மட்டும் நின்று பதில் சொல்கிறான். அதுவரை பார்த்தால் போட்டிதான், அதுவும் உயிர்ப்போட்டி. கதையை முடிவுவரை படித்தால் கேட்டவன் தருமதேவன், விடை சொன்னவனைப் பெற்றவன். மகன் தோற்க வேண்டும் என்று எந்தத் தகப்பன் வினாக் கேட்பான்?

வில்லிபுத்தூரார் பாடத்தில் இது இன்னும் தெளிவு. நச்சுப்பொய்கைச் சருக்கத்தில் துரியோதனன் வேண்டுகோளால் எழுந்த பூதமொன்று பாண்டவரைக் கொல்ல வருகிறது. அதனிடமிருந்து மக்களைக் காக்கவே தருமதேவன் நஞ்சுப் பொய்கையை உண்டாக்குகிறான். செத்துக் கிடப்பவர்களைக் கண்ட பூதம் திரும்பிப் போய், தன்னை ஏவியவனையே தாக்குகிறது. நஞ்சே இங்கு காவல். வினாவும் தம்பியர் எழும்புவதற்கான வழியாகவே வருகிறது. வடமொழியில் இல்லாத இந்தத் திருப்பத்தைத் தமிழ்ப் பாடம் எங்கிருந்து எடுத்தது என்பது தனி ஆய்வு. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஹொய்சிங்காவின் சான்று தமிழுக்கு வந்ததும் அவருக்கே எதிர்ச்சாட்சி சொல்கிறது.

இனிச் சொல்லை எடுப்போம். நொடி என்பதற்கு விரற்சொடுக்கு, கணப்பொழுது, சொல், விடுகதை என்று அகராதிகள் பொருள் தருகின்றன. போட்டிக் கட்சியார் சொடுக்கிலிருந்து தொடங்குவர்: சொடுக்கு, அவசரம், காலக்கெடு. நான் 'நொடிதல்' என்ற பழைய வினையிலிருந்து தொடங்குகிறேன். அதற்குச் சொல்லுதல் என்று பொருள். நொடி என்பது சொல்லப்படுவது, கேட்கிறவர்களிடம் ஒப்படைக்கப்படுவது. தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை, அதாவது விடுகதையை, இருவகையாகப் பகுக்கும்போதும் உவமை பற்றியும் வெளிப்படக் கூறுவது பற்றியும்தான் பேசுகிறது. வெற்றி, தோல்வி அங்கே இல்லை. இலக்கணம் வடிவத்தைச் சொல்லும், ஆடும் முறையைச் சொல்லாது என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. என் வாதம் மெலிந்த இடம் இது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிர்க்கட்சிக்கு அந்த மெலிந்த சான்றுகூட இல்லை.

படப்பெயர் விளையாட்டின் ஆண்டைக் குறிக்க முடியவில்லை, எல்லை மட்டும் கட்டலாம். 1931இல் 'காளிதாஸ்' வந்த பிறகே தமிழ்ப் பேசும்படத்தின் பெயர் உண்டு. படம் பார்க்காதவருக்கும் பெயர் தெரியச் செய்தது வானொலி. 1952இல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலை ஒடுக்க, இலங்கை வானொலி அந்த இடத்தைப் பிடித்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொன்னார். பெயர் படத்திலிருந்து கழன்று தனிச்சரக்கானது இப்படித்தான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. தலைமன்னார்க் கப்பல் பழைய துறையை இழந்தது. வானலைக்குத் துறை தேவைப்படவில்லை. பற்றரி கிடைக்காத 1990களிலும் வடக்கில் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள்.

மேற்கிலிருந்து வந்த சரட் விளையாட்டின் நகல்தானே என்று கேட்கலாம். பாதி உண்மை. 1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலில் விருந்தினர் அதை ஆடுகிறார்கள். ஆனால் அங்கே ஒரு குழு நடிக்க, எதிர்க்குழு ஊகிக்கிறது. நம்முடைய ஆட்டத்தில் நடிப்பவரின் சொந்தக் குழுவே ஊகிக்கிறது. எதிர்க்குழு பெயரைக் காதில் ஓதுவதோடு சரி. வீட்டு முற்றத்தில் ஐந்தாறு பேர் என்றால் குழுவே கிடையாது. ஒருவர் நடிக்க, மற்றவர் எல்லாரும் ஒரு பக்கம்.

'படகோட்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள், 1964இல் வந்த எம்.ஜி.ஆர். படம். ஒரு விரல் உயர்கிறது: ஒரே சொல். இரு கையும் துடுப்பு வலிக்கின்றன. கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது புதிரே அல்ல, உடனே கூவுவார்கள்: "தோணி!" "வள்ளம்!" "வள்ளக்காரன்!" நடிப்பவர் தலையை ஆட்டுகிறார். பொருள் சரி, சொல் பிழை. கரையில் தோணியும் வள்ளமும் உண்டு. 'படகு' என்பது பாட்டிலும் படத்திலும் வருவது. அவர் உள்ளங்கையைப் புரட்டி, அதே பொருளுக்கு வேறு சொல் என்று காட்டுகிறார். உள்ளூர்த் தமிழிலிருந்து சினிமாத் தமிழுக்கு ஒரு கூட்டமே சேர்ந்து பெயர்த்துச் செல்கிறது. இந்த இடத்தில் நடிப்பவர் யாருக்கு எதிரி?

2019இல் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்ற 'ஜஸ்ட் ஒன்' என்ற பலகை விளையாட்டிலும் எல்லாரும் ஒரே கட்சி. ஒருவர் ஊகிக்க, மற்றவர் ஆளுக்கொரு குறிப்பு எழுதுவர். அதைப் புதுமை என்று கொண்டாடுகிறார்கள். நல்லது.

ஹொய்சிங்காவுக்காக ஒரு சான்றை விட்டுவைக்கிறேன். பெயரைக் கண்டுபிடித்தவரே அடுத்து எழுந்து நடிக்க வேண்டும் என்பது விதி. வென்றவருக்குக் களம், ஆகவே போட்டி என்று அவர் வாசிக்கக்கூடும். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும், விடை தெரிந்தும் எழுந்து நிற்கக் கூச்சப்பட்டு, பக்கத்திலிருப்பவள் காதில் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கும் ஒரு பிள்ளை இருக்கும்.