ஆஸ்விகோ தேநீர்

ஒரு கோப்பைப் பானத்திலும் வரலாறு உண்டு.

1767ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் இறக்குமதியாகும் தேயிலைக்குப் பவுண்டு எடைக்கு 3 பென்னி வரி விதித்தது. தம் பிரதிநிதிகள் இல்லாத மன்றம் தமக்கு வரி விதிப்பதோ என்று மக்கள் சினந்தனர். 1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தனர்.

எறிவது ஓர் இரவுச் செயல். நாள்தோறும் நாக்கு கேட்கும் தேநீரை மறுப்பதன்றோ அரிது! இல்லங்களில் காட்டுச் செடிகளின் இலையும் பூவும் கொதிநீரில் இடப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆஸ்விகோ தேநீர். செந்நிறப் பூப் பூக்கும் அச்செடி புதினாக் குடும்பத்தைச் சேர்ந்தது. முதல் மிடற்றில் நறுமணம் இருந்தது. தேயிலை தரும் ஊக்கம் இல்லை. ஆயினும் கொள்கைக்காக அதனை அருந்தினர்.

அப்பானத்தை அவர்களுக்கு முன்பே அறிந்திருந்தோர் ஒண்டாரியோ ஏரிப் பகுதியின் பூர்வகுடிகள். 1779இல் விடுதலைப் படையே அப்பூர்வகுடிகளான இரோக்குவா மக்களின் ஊர்கள் பலவற்றை எரித்தது. தம் உரிமைக்காகத் தேநீரைத் துறந்தவர்கள் பிறர் உரிமையை மறந்தனர். விடுதலை வரலாற்றைப் பயிலும் நாம் இவ்விரண்டையும் சேர்த்தே பயில வேண்டும்.