கடற்கடிகாரங்களின் பேரேடு

கப்பலோட்டுபவரை நாம் மாலுமி என்கிறோம். 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லே தமிழில் அவ்வாறு திரிந்தது. ஆசான் என்பது அதன் பொருள். மரக்கலத்துக்கு வழிகாட்டும் வல்லுநரையும் அரபுக் கடலோடிகள் அப்பெயராலேயே அழைத்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு மாஜித் அத்தகைய முஅல்லிம்களுள் தலைசிறந்தவர். விண்மீனின் உயரத்தை விரற்கணக்கால் அளந்து, தம் கலம் வடக்குத் தெற்காக எங்கே நிற்கிறது என்பதை அவர்கள் அறிந்தனர். ஆயின், கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறோம் என்பதை அவ்வளவு மட்டும் உணர்த்தாது. அதற்குக் காலக்கணக்கு வேண்டும்.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் கப்பலில் இருந்தால், நடுக்கடலின் நண்பகலோடு அதனை ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கணித்துவிடலாம். ஆனால் 4 விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல்மைல் பிசகும். இருட்டில் பாறைக் கரையை அணுகும் கப்பலுக்கு அது உயிரா சாவா என்னும் கணக்காகும்.

இச்சிக்கலைத் தீர்ப்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசளிக்க பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1714இல் சட்டமியற்றியது. ஜான் ஹாரிசன் என்னும் தச்சர் மகன் பல்லாண்டு உழைத்து 1759இல் ஒரு கடற்கடிகாரத்தை முடித்தார். 1761இல் அது ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. அங்கே சென்றடைந்தபோது ஏறத்தாழ 5 விநாடியே பிந்தியிருந்தது எனக் கணக்கிட்டனர். அக்கடிகாரம் நாள்தோறும் வழக்கமாகப் பிந்தும் அளவைக் கழித்த பின்னர்க் கிடைத்த எண் அது. நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவேயாகும்.

பிழையே இல்லாத கடிகாரத்தை எவரும் செய்ததில்லை. எண்ணெய் தடிக்கும், வெப்பத்திலும் குளிரிலும் சுருள்வில் மாறும். ஆகவே கடலோடிக்குத் தேவைப்பட்டது, ஒரே சீராகப் பிந்தும் அல்லது முந்தும் கடிகாரமும், அந்த அளவைக் குறித்து வைத்த ஏடுமே. நாளொன்றுக்கு 5 விநாடி பிந்துவதைக் குறிக்காமல் விட்டால், 60 நாளில் 300 விநாடி சேரும். அதாவது நிலநடுக்கோட்டில் 75 கடல்மைல் வழி தவறும். அதே குறை ஏட்டில் இருந்தால், கழித்தல் கணக்கு ஒன்றினால் அது தீர்ந்துவிடும்.

1821இல் பிரிட்டிஷ் கடற்படை தன் கடிகாரங்களின் பராமரிப்பைக் கிரீனிச் வானாய்வகத்திடம் ஒப்படைத்தது. அங்கே பேரேடுகள் திறக்கப்பட்டன. செய்தவர் பெயர், கடிகாரத்தின் எண், எந்தக் கப்பலுக்கு எப்போது சென்றது, எப்போது திரும்பியது, துப்புரவுக்கும் பழுதுபார்க்கவும் யாரிடம் அனுப்பப்பட்டது என்பனவெல்லாம் பதிவாயின. ஒரு கப்பல் உடைக்கப்பட்டாலும் அதன் கடிகாரம் மற்றொன்றில் பணியாற்றும், மனிதர் மாறுவர், கருவியின் வரலாறு மட்டும் பேரேட்டில் தொடரும்.

1831இல் புறப்பட்ட 'பீகிள்' கப்பல் டார்வினால் புகழ்பெற்றது. அதில் 22 கடற்கடிகாரங்கள் இருந்தன என்பதைப் பலர் அறியார். அவற்றுள் 6 தலைவர் ஃபிட்ஸ்ராயின் சொந்தப் பொருளாகும். அவற்றைச் செப்பமாக வைத்திருக்கவே ஸ்டெபிங் என்னும் கருவி வல்லுநரை அவர் தம் செலவில் உடன் கொண்டுசென்றார். மரத்தூளில் பதித்து ஒரு சிற்றறையில் வைத்த அக்கடிகாரங்களுக்குக் காலை 9 மணிக்குச் சாவி கொடுத்தனர். நண்பகலில் ஒன்றோடொன்று ஒப்பிட்டனர். இரண்டு கடிகாரம் மாறுபட்டால் எது பொய் என்று தெரியாது. பல இருந்து, நாள்தோறும் ஒப்பிட்ட குறிப்பும் இருந்தால் நோயுற்றது எது எனத் தெரிந்துவிடும்.

ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழப் பாதிக் கடிகாரங்களே நன்றாக இயங்கின. உலகைச் சுற்றி அளந்த காலத் தொலைவுகளைக் கூட்டியபோது 24 மணிக்கு மேல் 33 விநாடி மிஞ்சியது. ஃபிட்ஸ்ராய் அதனை மறைத்தாரில்லை. 1839இல் வெளியிட்ட பயண நூலில் அக்கணக்கையும் அச்சிட்டார். பின்வந்தோர் அவருடைய அளவைகளை எந்த அளவு நம்பலாம் என அறிந்து நம்பியதற்கு அந்த நேர்மையும் காரணமாகும்.

அக்கப்பலில் சென்ற எர்ன்ஷாவின் 509ஆம் எண் கடிகாரம் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரீனிச் பேரேடுகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்படுகின்றன. செயற்கைக்கோள் வழிகாட்டும் இக்காலத்திலும், காந்தத் திசைகாட்டியின் எஞ்சிய பிழைகளைக் காட்டும் அட்டவணை கப்பலில் இருக்க வேண்டும் என்று சர்வதேச விதி கூறுகிறது.

கருவியை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது அதன் குறையையும் சேர்த்தே ஒப்படைப்பது அமானிதத்தின் ஒரு பகுதியாகும். குறையை எழுதி வைத்த கருவியை நம்பிக் கடல் கடக்கலாம். குறையே இல்லை என்னும் வாய்ச்சொல்லை நம்பித் துறைமுகத்தை விட்டும் நகரலாகாது.